கடைமடைக்கு எட்டும் ஒளி

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்பன அவற்றின் பொருள். படுவான்கரையின் தென்பாகத்தில் வாவியோரமாக அமைந்த பழம்பதி மண்டூர். அங்குள்ள முருகன் கோயிலாலும், புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை பிறந்த ஊர் என்னும் சிறப்பாலும் அதன் பெயர் ஈழத்தமிழரிடையே நன்கு அறியப்பட்டது. ஊரைச் சூழ நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. மாரியில் வாடையும் கோடையில் கச்சானும் வீசுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் வெயிலுக்குக் குறைவில்லை. நீரும் காற்றும் வெயிலும் ஒருங்கே வாய்த்த இத்தகைய நிலத்தில் மின்வலிக்குப் பஞ்சம் உண்டாதல் கூடுமோ என்று நேயர்கள் வினவலாம். கூடும் என்பதே வரலாறு தரும் விடை. அதற்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

வயல்வேலை அறிந்தோருக்கு ஓர் உவமை போதும். குளத்தில் நீர் நிறைந்திருப்பது ஒன்று. அந்நீர் கடைமடை வயலைச் சென்றடைவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே வாய்க்கால் வேண்டும். வாய்க்காலைக் காப்போர் வேண்டும். முறைவைத்துப் பங்கிடும் ஒழுங்கும் வேண்டும். மட்டக்களப்பு வயல்வெளிகளில் வட்டைதோறும் வட்டவிதானை என ஒருவரை அமர்த்தி, நீர்ப்பங்கீட்டை அவர் மேற்பார்வையில் விட்டது இதன்பொருட்டே. இலங்கையின் நிலத்தடியில் எரித்தற்குரிய நிலக்கரி இல்லை. எண்ணெயும் இன்றுவரை எடுக்கப்படவில்லை. ஆனால் மழையும் காற்றும் வெயிலும் ஆண்டுதோறும் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. எடுக்க எடுக்கக் குறையாத இச்செல்வத்தையே புதுப்பிக்கத்தக்க சக்தி என்கின்றனர். இச்செல்வம் கடைமடைக்கு எட்டியதா என்பதே கேள்வி.

காற்றின் வலிமையைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் அறிவு இந்நாட்டுக்குப் புதியதன்று. சப்ரகமுவ மாகாணத்தில் சமனலவெவ என்னும் இடத்தில் நீர்மின் தேக்கம் அமைப்பதற்கு முன்னர் நிலத்தை ஆராய்ந்தபொழுது, பழைய இரும்புருக்கு உலைகள் பல வெளிப்பட்டன. கில் ஜுலெப் என்னும் ஆங்கிலத் தொல்லியலாளர் அவற்றை ஆய்ந்து, 1996ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். கிறித்துவுக்குப் பிற்பட்ட முதலாயிரம் ஆண்டுகளில், மலைச்சரிவின் மேற்குமுகத்தில் உலைகளை அமைத்து, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு உயர்ந்த உருக்கினைச் செய்தனர் என்பது அம்முடிபு. பழைய உலைகள் கிடந்த அவ்விடத்தில் 1992ஆம் ஆண்டில் 120 மெகாவாட் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒரு மெகாவாட் என்பது பத்து இலட்சம் வாட் ஆகும். ஒரே நிலம் ஒரு காலத்தில் காற்றாலும், பிறிதொரு காலத்தில் நீராலும் மக்களுக்குத் தொழில்வலி தந்தமை இங்கு நோக்கத்தக்கது.

மின்சாரம் இலங்கைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். 1895ஆம் ஆண்டில் பூஸ்டெட் சகோதரர் என்னும் வணிக நிறுவனத்தார் கொழும்பில் மின்விநியோகத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரைமார் சிலர், அருகிலோடும் அருவியைத் திருப்பிச் சிறு சுழலிகளை ஓட்டித் தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கினர். ஆனால் ஒரு தோட்டத்துக்குப் பயன்பட்ட அந்நீரை நாடு முழுவதற்கும் பயன்படுத்தலாம் என்று எண்ணித் துணிந்தவர் காலியிற் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஆவர். 1918ஆம் ஆண்டில் அவர் இலங்கைப் பொறியியற் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். களனி கங்கையின் கிளையாறுகள் மலையிலிருந்து வீழும் வலிமையைக் கொண்டு பெருமளவு மின்வலி ஆக்கலாம் என்பதை அதிற் கணக்கிட்டுக் காட்டினார்.

அக்கணக்கில் தவறில்லை. ஆயினும் அது செயலாவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. லக்சபானவில் 1920களில் தொடங்கிய வேலை பணமின்மையால் நின்றது. 1929ஆம் ஆண்டில் கொலன்னாவையில் அனல்மின் நிலையம் ஒன்று எழுந்தது. வேற்று நாட்டு எரிபொருள் கப்பலில் வந்திறங்கியது. விமலசுரேந்திர தம் கருத்தைக் கைவிடவில்லை. அரச சேவையினின்று நீங்கி, 1931ஆம் ஆண்டில் இரத்தினபுரியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்து அங்கும் வாதாடினார். 1950ஆம் ஆண்டின் இறுதியிலேதான் லக்சபான நிலையம் 25 மெகாவாட் வலுவுடன் இயங்கலாயிற்று. அதன்பின் அவர் மூன்றாண்டு காலமே உயிர்வாழ்ந்தார். வளர்ந்துவரும் நாடுகள் யாவும் எதிர்ப்படும் முதலாவது இடையூற்றை இவ்வரலாறு காட்டுகின்றது. நீருக்கு விலையில்லை. அணைக்கும் சுழலிக்கும் கம்பிக்கும் விலையுண்டு. அவ்விலையை முதல்நாளே கொடுத்தல் வேண்டும். எரிபொருளையோ அன்றாடம் சிறிது சிறிதாக வாங்கலாம். கைப்பணம் குறைந்தவன் மூடையாக அரிசி வாங்க இயலாமல், நாள்தோறும் கடையிற் கொத்துக் கொத்தாகக் கூடிய விலைக்கு வாங்குவதுபோல, ஏழை நாடும் விலை மிகுந்த வழியையே தேர்ந்துகொள்ள நேர்கின்றது.

லக்சபானவில் மின்விளக்கு எரியத் தொடங்கிய அதே காலத்தில், மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில் மற்றொரு பெருவேலை நடந்துகொண்டிருந்தது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்றும் சிங்களவர் கல்லோயா என்றும் வழங்கும் ஆறு, மாரியில் வெள்ளமாய்ப் பெருகி அழிவு செய்வதும் கோடையில் வறண்டு கிடப்பதும் வழக்கமாயிருந்தது. அமெரிக்காவின் தெனசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. முதற் பிரதமரின் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் என வழங்கும் அந்நீர்த்தேக்கம் 770,000 ஏக்கரடி நீரைக் கொள்ளும். இலங்கையில் அதனினும் பெரிய நீர்த்தேக்கம் இல்லை. அணையின் அடியில் ஏறத்தாழ 11 மெகாவாட் வலுவுள்ள மின்னிலையம் அமைந்தது.

இம்மின்னிலையத்தின் இயல்பு ஒன்றை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும். வயலுக்கு விடும் நீரே அங்கு சுழலியைச் சுழற்றுகின்றது. உழவனுக்கு நீர் வேண்டிய நாளில் மின்சாரமும் பிறக்கும். வேண்டாத நாளில் சுழலி ஓய்ந்திருக்கும். நெல்லுக்கே முதலிடம், மின்சாரம் அதன் உடன்விளைவு. ஒரே நீர் இருமுறை பயன்படுவது சிக்கனமே. எனினும் பற்றாக்குறை வந்தவிடத்து எந்தத் தேவைக்கு முதலிடம் என்று தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. அத்தீர்மானத்தைச் செய்பவர் யார் என்பது பொறியியல் விடுக்கும் கேள்வியன்று. அது ஆட்சி பற்றிய கேள்வி.

கல்லோயாத் திட்டத்தின் வரலாற்றில் துயரமும் உண்டு. வெளிமாவட்டங்களிலிருந்து பெருந்தொகையாகக் குடியேற்றங்கள் நிகழ்ந்தமை தமிழ் பேசும் மக்களிடையே ஐயத்தையும் மனக்கசப்பையும் வளர்த்தது. 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்பிரதேசத்திற் கலவரம் மூண்டு உயிர்கள் பல மாண்டன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. வயலுக்கு நீரும் ஊருக்கு ஒளியும் தரவந்த ஒரு திட்டம், நிலம் யாருக்கு என்னும் வழக்கிற் சிக்கியது. அணைக்கு அண்மையிலுள்ள ஊர்களுக்கே அதன் ஒளி உடனே எட்டியதுமில்லை. படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்கம்பி சென்றது போர் ஓய்ந்த பின்னரே. அதுவரை அவ்வூர்ப் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கின் புகையிற் கற்றார்கள்.

அதே கல்லோயா வேறொரு பாடத்தையும் தந்தது. முப்பதாண்டுகளில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன, மதகுகள் உடைந்தன, தலைமடையிலுள்ளோர் வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளக் கடைமடை வயல்கள் காய்ந்தன. தலைமடையிற் பெரும்பாலும் சிங்கள உழவரும் கடைமடையில் தமிழ் பேசும் உழவரும் இருந்தனர். 1981ஆம் ஆண்டில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளைஞர் சிலரைப் பயிற்றி உழவரிடையே அனுப்பின. அவ்வாண்டில் நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவு. சண்டை மூளும் என்று அஞ்சிய அவ்வேளையில், உழவர்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, தாமே வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீர்பாய்ச்சி, மிஞ்சிய நீரைக் கடைமடைக்கு விட்டனர். பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் இதனை 1992ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதி உலகறியச் செய்தார். அணையைக் கூட்டாமலே, மழையைக் கூட்டாமலே, பங்கிடும் முறையைத் திருத்திய மாத்திரத்தில் பயன் கூடியது. மின்வலி பற்றிச் சிந்திப்போர் இந்நிகழ்ச்சியை மறத்தல் ஆகாது.

நாட்டின் மின்வலி வரலாறு மலையாறுகளையே நம்பி மேலும் வளர்ந்தது. 1969ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கை மின்சார சபை தோன்றியது. 1977ஆம் ஆண்டின் பின் மகாவலித் துரித திட்டம் தொடங்கி, 1980களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை ஆகிய பெருநிலையங்கள் எழுந்தன. 1995ஆம் ஆண்டில் நாட்டின் மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரினாலேயே ஆக்கப்பட்டது. மறுவருடம் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்களின் அடித்தளம் வெளியே தெரிந்தது. ஊர்கள் நாள்தோறும் பல மணித்தியாலம் இருளில் மூழ்கின. ஒரே பயிரை நம்பிய உழவனுக்கு நேர்வது ஒரே ஊற்றை நம்பிய நாட்டுக்கும் நேர்ந்தது. அதன்பின் அரசு எண்ணெயையும் நிலக்கரியையும் நாடிற்று. நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டிலிருந்து 2014ஆம் ஆண்டுக்குள் 900 மெகாவாட் நிலக்கரி மின்னிலையம் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. மழைக்கு அஞ்சிய நாடு கப்பலை எதிர்பார்க்கும் நாடாயிற்று. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபொழுது எரிபொருட் கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லை. மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீண்டது. வறட்சி மேகத்தில் மாத்திரமன்றித் திறைசேரியிலும் உண்டாகும் என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

பெருநிலையங்களுக்கு வெளியே நின்று கிராமங்களுக்கு ஒளி கொடுக்கும் முயற்சிகளும் நடந்தன. 1970களில் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் துணையுடன் அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பத்தியாப்பொல என்னும் ஊரில் காற்று, வெயில், சாணவாயு ஆகிய மூன்றையும் இணைத்து மின்சாரம் தரும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. உலகின் கவனத்தை ஈர்த்த அம்முயற்சி நீடித்து நிலைக்கவில்லை. பின்னர், 1997ஆம் ஆண்டு முதல் உலக வங்கியின் கடனுதவியுடன் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைகளிற் சிறு சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. பொதுக் கம்பி ஊருக்கு வந்ததும் அவற்றுட் பல கைவிடப்பட்டன. இதற்கு மாறாக, மலையடிவாரக் கிராமங்களில் மக்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, சிற்றருவியில் சுழலி வைத்து, தாமே கம்பியிழுத்து, தாமே கட்டணம் வகுத்து நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் மின்சாரம் பெற்றனர். இயந்திரம் பழுதுபட்டால் யாரை அழைப்பது, யார் செலவு கொடுப்பது என்னும் வினாக்களுக்கு ஊரிலேயே விடை இருந்தவிடத்து ஒளி நின்றது. அவ்விடை இல்லாதவிடத்து, வந்த இயந்திரம் துருப்பிடித்தது.

காற்றை நோக்குவோம். தமிழ்நாட்டில் 1986ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டிற் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பிற இடங்களிலும் அவை பெருகி, இன்று அந்நாட்டின் காற்றாலை வலு 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. பாக்கு நீரிணையின் இப்பாலும் அதே தென்மேற்குக் காற்றுத்தான் வீசுகின்றது. ஆயினும் இலங்கை 1999ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாட் அளவில் ஒரு பரிசோதனை நிலையத்தை அமைத்தது. தனியார் காற்றாலைகள் 2010ஆம் ஆண்டிலே புத்தளத்துக் கரையில் எழுந்தன. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனைக் கொண்டு மின்சார சபை மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாடிகளை நிறுத்தித் 'தம்பபவனி' எனப் பெயரிட்டது. அதன் வலு 103.5 மெகாவாட்.

காற்றாடி நிற்கும் மன்னார், மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் தங்கும் நிலம். மீன்பிடித்து வாழ்வோரின் ஊர். மழைவெள்ளம் கடலுக்கு வடியும் வழி அடைபடுகின்றது என்றும், தொழிலுக்கு இடையூறு நேர்கின்றது என்றும் மக்கள் முறையிட்டனர். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்க முன்வந்த இந்தியாவின் அதானி நிறுவனம், மின்சாரத்தின் விலையை மீளப் பேச அரசு முற்பட்டதனால் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு வந்தனர். அரசு வேலைகளை ஒரு மாதம் இடைநிறுத்தியது. காற்று எல்லோருக்கும் பொது என்பது உண்மையே. ஆனால் காற்றாடி ஒருவருடைய ஊரில் நிற்கின்றது. அதன் ஒளி வேறோர் ஊரில் எரிகின்றது. ஊரவரை முன்கூட்டிக் கேளாது தொடங்கும் வேலை, நல்ல வேலையாயினும் நெடுநாள் நில்லாது.

இவ்வுண்மையைக் கிழக்கு மாகாணம் நன்கறியும். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் மக்கள் 2006ஆம் ஆண்டில் போரினால் இடம்பெயர்ந்தனர். அவர்கள் இல்லாத வேளையில் அவ்விடத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின்னிலையம் அமைக்கும் திட்டம் உருவாயிற்று. நெடிய எதிர்ப்பின்பின் 2016ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரிலில், அச்சம்பூரிலேயே 120 மெகாவாட் சூரிய மின்னிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரிப் புகை வராமற் போனது நன்மையே. ஆனால் புகையில்லாத திட்டத்துக்கும் நிலம் வேண்டும். அந்நிலத்தின் வரலாற்றை அறிந்தே அதிற் கால்வைத்தல் வேண்டும்.

இனி வெயில். 2016ஆம் ஆண்டின் பின் வீட்டுக் கூரைகளிற் சூரியத் தகடுகளைப் பொருத்தி, மிகுந்த மின்சாரத்தைச் சபைக்கு விற்கும் முறை விரைந்து பரவியது. அதனாற் புதியதோர் இடையூறு தோன்றியது. நண்பகலில் மின்சாரம் பெருகுகின்றது. விளக்கேற்றும் வேளையிலோ அது இல்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்ததாகக் கூறப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளிலாழ்த்தியது. விடுமுறை நாளாதலின் தேவை குறைந்தும், வெயிலால் வந்த மின்சாரம் மிகுந்தும் இருந்த அவ்வேளையில், சிறு அதிர்ச்சியையும் தாங்கும் நிலையில் மின்தொகுதி இருக்கவில்லை. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு சபை கேட்டுக்கொண்டது. மூன்றாண்டுகளுக்கு முன் பதின்மூன்று மணித்தியாலம் இருளிற் கிடந்த நாடு, வெயிலில் விளைந்ததை வேண்டாமென்று விட நேர்ந்தது.

இதற்கு விடை நம் முன்னோர் அறிந்ததே. மாரியில் மிகுந்ததைக் கோடைக்குத் தேக்கிவைப்பதற்காகவே குளங்கள் வெட்டப்பட்டன. மின்சாரத்தையும் தேக்கிவைக்கலாம். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையமொன்று 1980களின் இறுதியிலிருந்து இயங்குகின்றது. மிகுதியான மின்சாரம் உள்ள வேளையில் அது கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றுகின்றது. தேவையான வேளையில் அந்நீரைக் கீழே விட்டு மின்சாரம் பெறுகின்றது. இலங்கையிலும் இத்தகைய நிலையங்களுக்குத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. மின்கலங்களின் விலையும் இறங்கி வருகின்றது. இவையெல்லாம் பெருஞ்செலவு. ஆனால் செலவில்லாத தேக்கமும் ஒன்றுண்டு. அது வேலையை வெயிலுள்ள வேளைக்கு மாற்றுவதாகும். படுவான்கரையில் நெல் குற்றும் ஆலைகள், மேட்டுநிலத் தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்கள், வாவி மீனைக் கெடாது வைக்கும் பனிக்கட்டி ஆலைகள் ஆகியன நண்பகலில் இயங்கினால், மிகுந்த மின்சாரம் வீண்போகாது. பகல் மின்சாரத்துக்கு விலை குறைவு என்று சபை அறிவித்தால், உழவரும் மீனவரும் தாமே அவ்வேளைக்குத் தம் வேலையை மாற்றிக்கொள்வர்.

இந்நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின், இடையூறுகள் மூன்றும் பங்கீட்டைப் பற்றியனவாகவே தோன்றுகின்றன. முதலாவது, இன்றைய செலவையும் நாளைய பயனையும் பங்கிடுவது. இதற்குக் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் வேண்டும். இரண்டாவது, மழையாண்டுக்கும் வறட்சியாண்டுக்கும், பகலுக்கும் இரவுக்கும் இடையே பங்கிடுவது. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஊற்றுகளும் தேக்கங்களும் வேண்டும். மூன்றாவது, தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே பங்கிடுவது. முதலிரண்டையும் பணமும் பொறியியலும் தீர்க்கலாம். மூன்றாவதை மக்களைக் கூட்டிவைத்துப் பேசியன்றித் தீர்த்தல் இயலாது. 2007ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின்படி நிலைபேறான சக்தி அதிகாரசபை அமைந்தது. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை இயற்கையின் வலியாற் பெறுவது என அரசு இலக்கும் வகுத்தது. சட்டமும் இலக்கும் தேவையானவை. அவற்றோடு, திட்டம் அமையும் ஊரில் வயற்கூட்டம்போல ஒரு கூட்டம் கூடி, எவ்விடத்தில் அமைப்பது, வெள்ளம் எவ்வழி வடியும், வருவாயில் ஊருக்கு எவ்வளவு, பழுது பார்ப்பவர் யார் என்பவற்றை வேலை தொடங்குமுன் பேசி முடித்தலும் தேவையாகும்.

மண்டூரை அடுத்த வயல்வெளியில் இத்தகைய கூட்டம் புதுமையன்று. விதைப்புக்கு நாள் குறிப்பதும், வாய்க்காலைத் துப்புரவு செய்வதும், நீர்விடும் முறையை வகுப்பதும் தலைமுறை தலைமுறையாக அங்கு கூடிப் பேசியே நடந்து வந்தன. எழுத்தறியாத உழவரும் அதில் வாய்திறந்து தம் வயலின் நிலையைச் சொன்னார்கள். வட்டவிதானை அதனைக் கேட்டே மடை திறந்தார். மின்சாரத்துக்கும் அவ்வாறு ஒரு மடை உண்டு. அதைத் திறப்பவர்கள் இன்று தொலைவில் இருக்கிறார்கள். கடைமடையிலிருப்போர் தம் நிலையை அவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுதலும், அவர்கள் கேட்டபின் திறத்தலும் வழக்கமாகுமாயின், வரும் தலைமுறையின் விளக்கு மழையையும் கப்பலையும் மாத்திரம் நம்பி எரிய வேண்டியதில்லை.